அட்மிரல் ராபர்ட் பிட்ஸ்ராய்

ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிலே காற்றழுத்தம் தாழ்ந்து புயல் திரளும்போதெல்லாம், சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்னும் செய்தி நம் செவியில் விழுகின்றது. துறைமுகக் கம்பத்தில் உயர்த்தப்படும் அக்கூம்புகளுக்கும் உருளைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1861-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கடற்கரைத் துறைகளிலே, கறுப்புக் கித்தானால் செய்த கூம்பும் பறை போன்ற உருளையும் முதன்முதலாக ஏற்றப்பட்டன. அவற்றை ஏற்றுமாறு லண்டனிலிருந்து தந்தி அனுப்பியவர் அட்மிரல் ராபர்ட் பிட்ஸ்ராய் என்பவர். இப்பெயரைக் கேட்டவர்களுள் பெரும்பாலோர், சார்லஸ் டார்வினைத் தம் கப்பலில் உலகஞ் சுற்றி அழைத்துச் சென்ற மாலுமித் தலைவர் என்ற அளவிலேயே இவரை அறிவர். பிறருடைய புகழின் நிழலில் நிற்க நேர்வது சிலருடைய விதி போலும். கடலிலும் கரையிலும் சிதறிக் கிடந்த வானிலைக் குறிப்புக்களையெல்லாம் ஒரே படிவத்தில் எழுதச் செய்து, ஓரிடத்தில் சேர்த்து, அன்று மாலைக்குள் அவை மீன்பிடிப்போனுக்கும் பயன்படும்படி செய்த இவரது பிற்காலத் தொண்டைப் பற்றியே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

பிட்ஸ்ராய் 1805-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் தேதி இங்கிலாந்தில் ஸப்போக் மாகாணத்திலுள்ள ஆம்ப்டன் என்னும் ஊரிலே பிறந்தார். இவர் பாட்டனார் கிராப்டன் பிரபு இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவர்; குலத்தின் மூலபுருஷன் இரண்டாம் சார்லஸ் அரசன். தாயார் வழியில் மந்திரி காஸில்ரே பிரபு இவருக்கு மாமன் முறையினர். அம்மாமனார் 1822-இல் மனநோயால் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். அந்நிகழ்ச்சி மருமகனுடைய உள்ளத்தில் நீங்காத அச்சமாய்த் தங்கிவிட்டது. பன்னிரண்டாம் பிராயத்தில் போர்ட்ஸ்மத் நகரின் கப்பற்படைக் கல்லூரியிற் சேர்ந்த இவர், பின்னர் லெப்டினன்டு பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணும் குறையாமல் பெற்று முதல்வராகத் தேறினார்.

1828-இல் பீகிள் என்னும் அளவைக் கப்பலின் தலைவர் தென்னமெரிக்காவின் தென்கோடியிலே தனிமையாலும் சோர்வாலும் மனமுடைந்து தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அப்பதவி 23 வயதினரான பிட்ஸ்ராய்க்குக் கிடைத்தது. பொறுப்பேற்ற சில வாரங்களுக்குள், 1829-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், லாப்பிளாட்டா நதிமுகத்திற்கு அருகே பாம்ப்பெரோ எனப்படும் கொடுங்காற்று அக்கப்பலைத் தாக்கிற்று. மேற்பாய்மரங்கள் முறிந்தன, மாலுமிகள் இருவர் கடலில் வீழ்ந்து மாண்டனர். காற்று வருமுன்னரே பாரமானியிலே பாதரசம் இறங்கியிருந்தது. இளந்தலைவர் அதனைக் கண்டிருந்தும் பொருட்படுத்தவில்லை. அதன்பின் இவர் பாரமானியைப் பாராது ஒருநாளும் கடலில் இருந்ததில்லை. அறிகுறி இருந்தும் அதனை எடுத்துச் சொல்வார் இல்லாமையால் மனிதர் சாகலாகாது என்னும் எண்ணம் இவருடைய வாழ்நாள் முழுதும் தொடர்ந்ததற்கு அவ்விரு மாலுமிகளின் மரணமே வித்து என்று நமக்குத் தோன்றுகின்றது.

டார்வினோடு சென்ற இரண்டாம் யாத்திரையோ 1831 டிசம்பரில் தொடங்கி 1836 அக்டோபரில் முடிந்தது. அதன் வரலாறு பலரும் அறிந்ததாகலின் இங்கு விரிக்கவேண்டுவதில்லை. நம் பொருளுக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று: காற்றின் வேகத்தைப் பூஜ்யம் முதல் 12 வரை எண்ணிட்டுக் குறிக்கும் பியூபர்ட் அளவை அரசாங்க முறையில் முதன்முதலாகக் கையாளப்பட்டது இக்கப்பலிலேதான். பலத்த காற்று, கடுங்காற்று என்று அவரவர் மனம்போல் எழுதினால் ஒருவர் குறிப்பை மற்றொருவர் குறிப்போடு ஒப்பிடல் இயலாது. எண்ணிட்டு எழுதினால் இயலும். மற்றொன்று: அளவை வேலை செம்மையாய் முடியவேண்டும் என்னும் ஆவலால், துணைக் கப்பல்களைத் தம் சொந்தப் பணத்தில் அமர்த்திப் பெருஞ்செல்வத்தைக் கரைத்துவிட்டார், அட்மிரால்ட்டியார் அப்பணத்தைத் திருப்பித் தரவில்லை.

1841-இல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். 1843-இல் நியூஜீலந்து நாட்டின் கவர்னராகச் சென்றார். அங்கே வைராவ் என்னுமிடத்தில் ஆங்கிலக் குடியேறிகளுக்கும் மாவோரி மக்களுக்கும் நேர்ந்த கலகத்தை விசாரித்து, நிலத்தைப் பற்றிய தவறு ஆங்கிலேயருடையதே என்று தீர்ப்புரைத்தார். தம்மினத்தார்க்கு எதிராக நீதி சொல்லும் துணிவு எளிதன்று. குடியேறிகள் சினந்து முறையிட, 1845-இல் பதவியினின்றும் அழைத்துக்கொள்ளப்பட்டார். 1850-இல் கப்பற் பணியினின்றும் விலகினார். 1852-இல் மனைவியாரை இழந்தார். ஐம்பதை நெருங்கிய அவ்வயதில் இவர் வாழ்க்கை முடிந்துவிட்டதென்றே உலகம் எண்ணியிருக்கும்.

அக்காலத்தில் அமெரிக்கக் கப்பற்படையைச் சார்ந்த மாத்யூ மோரி என்பவர் ஓர் அரிய காரியம் செய்துகொண்டிருந்தார். வாஷிங்டன் நகரக் கிடங்கிலே பழங்கப்பல்களின் தினக்குறிப்புப் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் பொறுக்கியெடுத்துக் கடலைக் கட்டங்களாகப் பிரித்துப் படங்கள் வரைந்தார். தம் யாத்திரைக் குறிப்பை அவர் தந்த படிவத்தில் எழுதியனுப்பும் தலைவர்க்கு அப்படங்கள் இலவசமாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு சென்ற கப்பல்களுக்கு நெடும்பயணங்களில் பல நாட்கள் குறைந்தன. உலகத்துக் கப்பல்களெல்லாம் ஒரே வகைப் படிவத்தில் எழுதவேண்டும் என்று மோரி வற்புறுத்தியதன் பயனாக, 1853-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலே பத்து நாட்டுப் பிரதிநிதிகள் கூடி ஒரு பொதுப்படிவத்தை ஏற்றுக்கொண்டனர். ஒருவரோடொருவர் போர்புரியும் நாடுகளும் கடலின் குறிப்பை மட்டும் ஒரே மொழியில் எழுத உடன்பட்டது பெரிய விஷயமே.

அவ்வுடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக 1854-இல் இங்கிலாந்தின் வர்த்தக போர்டில் ஒரு சிறு பிரிவு அமைக்கப்பட்டது. ராயல் சொஸைட்டியின் சிபாரிசின்மேல் பிட்ஸ்ராய் அதன் தலைவரானார். மூன்றே குமாஸ்தாக்கள், பதவியின் பெயரும் வானிலைப் புள்ளிவிவரக்காரர் என்பதுதான். அவ்வாண்டில் இதற்கான பணத்தைப் பற்றிப் பேச்சு நிகழ்ந்தபோது, ஓர் அங்கத்தினர் எழுந்து, இன்னும் சில ஆண்டுகளில் லண்டன் நகரத்தின் வானிலையை ஒருநாள் முன்னதாகவே அறிந்துகொள்ளலாகும் என்று சொல்ல, சபையில் சிரிப்பொலி எழுந்ததாம்.

குறிப்புக்களை ஓரிடத்திற் சேர்ப்பது எழுத்துவேலைதானே என்று எண்ணுவார் உண்டு. பிட்ஸ்ராய் கைக்கொண்ட முறையைக் காண்பார்க்கு அதன் அருமை விளங்கும். நூறு கப்பல்களில் நூறு வகைப் பாரமானிகள் இருந்து, ஒவ்வொன்றும் சிறிதளவு பொய் சொல்லுமாயின், அவற்றை ஒருங்கு சேர்த்த கணக்கும் பொய்யாகவே முடியும். ஆதலால், கியூ என்னும் இடத்திலுள்ள ஆராய்ச்சிசாலையில் கருவிகளை ஒரு மூலக்கருவியோடு ஒத்துப்பார்த்து, இக்கருவிக்கு இவ்வளவு பிழை என்று சான்று எழுதி, அதன்பின்னரே கப்பற்றலைவர்க்கு அவற்றை இரவல் கொடுத்தார். கருவியோடு படிவமும் சென்றது. கப்பல் துறைக்கு மீண்டவுடன் இரண்டும் திரும்பி வந்தன. வந்த குறிப்பைக் கருவியின் பிழைக்கேற்பத் திருத்தி, கடலின் எந்தக் கட்டத்திற்கு உரியதோ அக்கட்டத்தின் பேரேட்டிற் பதிந்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் எத்திசைக் காற்று எவ்வளவு அதிகம் என்பதை, நடுவிலிருந்து புறப்படும் நீண்டனவும் குறுகியனவுமான கதிர்களால் காட்டிப் படம் எழுதினார். பார்வைக்கு அது நட்சத்திரம் போலிருந்தமையால் காற்று நட்சத்திரம் என்று பெயரிட்டார். எழுத்தறியாத மாலுமியும் அதனை ஒரு நொடியிற் படிக்கலாம்.

இவ்வளவோடு நின்றிருப்பாரேல், குறைசொல்வார் எவருமின்றிப் பிட்ஸ்ராய் ஓய்வுச் சம்பளம் பெற்றுக் காலங்கழித்திருப்பார். மேலோர் இவருக்கு இட்ட கட்டளை புள்ளிவிவரம் சேர்க்கவேண்டும் என்பது மட்டுமே. பலகாலம் சேர்த்துவைத்தால் பின்னொரு தலைமுறையில் அறிஞர் எவரேனும் தோன்றி அதிலிருந்து வானிலையின் விதிகளைக் கண்டுபிடிப்பர் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணத்தில் தவறில்லை. ஆயினும் பேரேடுகள் பெருகும்போதே கரையோரத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் மூழ்கிக்கொண்டிருந்தனர். களஞ்சியத்தில் நெல் நிறைந்திருக்க, விதைக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லி, வாயிலில் பசித்து நிற்பவனை அனுப்பிவிடும் மனம் பிட்ஸ்ராய்க்கு இல்லை. ஏழை மீனவர் வாழும் சிறு துறைகளிலே பொதுப் பாரமானிகளை வைப்பித்து, அவற்றை நோக்கும் முறையை எளிய நடையில் எழுதிப் பரப்பினார். அதற்குமேல் தந்தியின்மீதும் இவருடைய கண் விழுந்தது.

தந்தியின் ஆற்றலை முன்னமே ஒரு பெரும்புயல் உணர்த்தியிருந்தது. 1854 நவம்பர் 14-ஆம் தேதி கிரைமியாப் போரின்போது கருங்கடலில் எழுந்த புயலால் நேசநாட்டுக் கப்பல்கள் பல அழிந்தன. பாரிஸ் நகரத்து வான சாஸ்திரியான லெவெரியே என்பார் அந்நாட்களின் குறிப்புக்களை ஐரோப்பாவெங்குமிருந்து வரவழைத்து நோக்க, அப்புயல் ஐரோப்பாவைக் கடந்து படிப்படியாகக் கருங்கடலுக்குச் சென்றது புலனாயிற்று. புயல் ஓரிடத்திலே பிறந்து அங்கேயே மடிவதன்று. அது வழிநடக்கும் பொருள். அதனினும் விரைவாய் ஓடுவது தந்தி ஒன்றே.

1859-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி விடியற்காலையில், ஆஸ்திரேலியாவிலிருந்து பொன்வயல் தேடிச் சென்றவர்களையும் அவர்கள் ஈட்டிய பொன்னையும் ஏற்றி வந்த ராயல் சார்ட்டர் என்னும் கப்பல், லிவர்பூல் துறையை அடைய ஒருநாள் வழியும் இல்லாத நிலையில், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸீ தீவுப் பாறைகளில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் இறந்தனர். உலகத்தின் மறுகோடியிலிருந்து பெருங்கடல்களையெல்லாம் கடந்து வந்தோர், வீட்டு வாயிலில் மாண்டனர். அப்புயலில் வேறு பல கப்பல்களும் அழிந்து, மொத்தம் சுமார் 800 உயிர்கள் சேதமாயின. பிட்ஸ்ராய் கலங்கரை விளக்கக் காவலர், கப்பற்றலைவர், ஆராய்ச்சிசாலையார் ஆகிய அனைவரிடமிருந்தும் அந்நாட்களின் குறிப்புக்களைத் திரட்டி, ஒரே நேரத்தில் எங்கெங்கு எவ்வாறிருந்தது என்பதைக் காட்டும் படங்களை வரிசையாக வரைந்தார். புயல் தெற்கிலிருந்து வடக்காக நடந்து வந்த வழி அவற்றில் தெளிவாய் நின்றது. தென்கரைத் துறையொன்றிலிருந்து ஒரு தந்தி மட்டும் அன்று வந்திருந்தால் வடபகுதியிலுள்ள கப்பல்கள் பாதுகாப்பான இடம் சேர்ந்திருக்கலாம் என்று மேலோரிடம் வாதித்தார்.

அனுமதி கிடைத்தது. 1860 செப்டம்பர் முதல் சுமார் 15 நிலையங்களிலிருந்து நாள்தோறும் காலையில் லண்டனுக்குத் தந்தி வரலாயிற்று. தந்தி நிலையத்துக் குமாஸ்தாக்களே பாரமானியையும் உஷ்ணமானியையும் நோக்கி, காற்றின் திசை வேகங்களோடு எண்களாகச் சுருக்கி அனுப்பினர். பத்து மணிக்குத் தந்திகள் பார்லிமெண்டு வீதியிலிருந்த காரியாலயத்தை அடையும். உடனே ஒவ்வொன்றையும் கருவிப் பிழை, தரையின் உயரம், உஷ்ணநிலை ஆகியவற்றிற்கேற்பத் திருத்தி, அச்சிட்ட படிவத்தில் ஏற்றிப் பல பிரதிகள் எடுப்பர். முதற்பிரதி பிட்ஸ்ராயிடம் செல்லும். பதினொரு மணிக்கெல்லாம் அறிக்கை பத்திரிகைகளுக்கும் லாயிட்ஸ் கப்பற் காப்புறுதிச் சாலைக்கும் அட்மிரால்ட்டிக்கும் போய்விடும். ஒரு நாட்டின் வானம் முழுவதையும் ஒரு மேசைமேல் ஒரு மணி நேரத்தில் விரித்து வைத்த செயல் இது! ஞாயிற்றுக்கிழமை மட்டும் தந்தி இல்லை, அறிக்கையும் இல்லை. புயலுக்கு ஓய்வுநாள் இல்லாமையால், திங்கட்கிழமைக் கணிப்பு எப்பொழுதும் சற்றுக் கடினமாகவே இருந்திருக்கும்.

1861 பிப்ரவரியில் முதற் புயலெச்சரிக்கை அனுப்பப்பட்டது. கூம்பின் முனை மேல்நோக்கினால் வடதிசைக் கடுங்காற்று. கீழ்நோக்கினால் தென்திசைக் காற்று. உருளையானால் திசைமாறி அடுத்தடுத்து வரும் காற்றுக்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் பேராபத்து. இரவில் முக்கோணமாகவோ சதுரமாகவோ விளக்குகள் தொங்கவிடப்படும். கடலுக்குப் போகாதே என்று இச்சின்னம் எவரையும் தடுப்பதன்று; காற்று வரக்கூடும், கவனித்துக்கொள் என்று உரைப்பதேயாம். முடிவு செய்பவன் கப்பலை நடத்துபவன்.

எச்சரிக்கைக்காக நாள்தோறும் கணிக்க நேர்ந்தமையால், அக்கணிப்பைப் பொதுமக்களுக்கும் ஏன் சொல்லலாகாது என்று பிட்ஸ்ராய் எண்ணினார். 1861 ஆகஸ்டு 1-ஆம் தேதி டைம்ஸ் பத்திரிகையில், அடுத்து வரும் நாட்களின் வானிலையைப் பற்றிய முன்னறிவிப்பு முதன்முறையாக வெளிவந்தது. தீர்க்கதரிசனம் என்றோ ஜோதிடம் என்றோ எவரும் மயங்காவண்ணம், ஆங்கிலத்தில் இதற்கென ஒரு சொல்லை ஆராய்ந்து வழங்கினார். இன்று உலகமெங்கும் வழங்குவது அச்சொல்லே. அது கணக்கிட்டுப் பெற்ற ஓர் அபிப்பிராயமே என்று பன்முறை விளக்கினார். விக்டோரியா மகாராணியாரும் ஒய்ட் தீவுக்குக் கடல் கடக்குமுன் இவரிடம் ஆளனுப்பி விசாரித்ததுண்டு. 1863-இல் தம் அநுபவத்தையெல்லாம் வானிலைப் புத்தகம் என்னும் நூலாக வெளியிட்டார்.

மாலுமிகள் நன்றி பாராட்டினர். கற்றோர் பாராட்டவில்லை. அவர்களுடைய வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமையாகும். காற்றின் இயக்கத்திற்குரிய விதிகள் இன்னும் நிலைநாட்டப்படாதபோது, பழக்கத்தாலும் ஊகத்தாலும் நாளைய வானத்தைச் சொல்வது சாஸ்திரமாகாது. அரசாங்கத்தின் பெயரால் அதனை வெளியிடுதல் சாஸ்திரத்திற்கே இழுக்கு என்றனர். புயல்கள் பெரும்பாலும் மேற்கே அட்லாண்டிக் கடலிலிருந்து வருவன. அத்திசையில் தந்தி நிலையம் ஒன்றும் இல்லை. ஆதலின் தவறுகள் நேரவே செய்தன. தவறிய ஒவ்வொரு நாளும் ஏளனத்திற்கு இடமாயிற்று. அறிவிப்பை அச்சிட்ட டைம்ஸ் பத்திரிகையே 1864-இல் குறைகூறி எழுதிற்று. தந்திச் செலவைக் குறித்துப் பார்லிமெண்டிலும் முணுமுணுப்பு எழுந்தது. மேலும், அன்றன்றைய தந்தியிலேயே காரியாலயத்தின் கைகளெல்லாம் ஈடுபட்டமையால், கப்பல்களிலிருந்து வந்த படிவங்களில் பல கணக்கிலேறாமல் அடுக்கிலேயே தங்கின. எப்பணிக்காக அக்காரியாலயம் ஏற்பட்டதோ அப்பணி பின்தங்கியது என்னும் குற்றச்சாட்டை முற்றிலும் மறுப்பதற்கில்லை. மூன்று நான்கு பேரைக் கொண்டு இரண்டு பெருவேலைகளைச் செய்ய முயன்றார். எதைத் தள்ளிவைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, அன்றிரவு கடலில் இருப்போரின் பக்கம் நின்றார். நாம் அவ்விடத்தில் இருந்திருந்தால் வேறு செய்திருப்போமா?

வேறு துன்பங்களும் சூழ்ந்தன. 1857-இல் வர்த்தக போர்டின் உயர்ந்த கப்பற் பதவியொன்றைத் தாம் பெறுவதாக எண்ணியிருக்க, அது பீகிள் கப்பலில் தமக்குக் கீழ் வேலைபார்த்த ஸலிவன் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. பிட்ஸ்ராய் ஆழ்ந்த தெய்வபக்தியுடையவர். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நம்பியவர். தம் கப்பலில் வந்த நண்பர் 1859-இல் வெளியிட்ட நூல் இவருக்குத் தாங்கொணாத வேதனை தந்தது. 1860 ஜூன் மாதம் ஆக்ஸ்போர்டில் புயல்களைப் பற்றிய தம் கட்டுரையைப் படிக்கச் சென்றவர், அடுத்த நாள் நடந்த புகழ்பெற்ற வாதத்திலும் எழுந்து வேதத்திற்காகப் பேசினார். கூட்டத்தின் ஆரவாரத்தில் அவர் குரல் எடுபடவில்லை. எனினும் இவரை வெறும் பழமைவாதி என்று தள்ளுவோர், நாளைய வானத்தை எண்களால் அறியலாம் என்று அந்நாளில் முதலிற் துணிந்து நின்றவரும் இவரே என்பதை மறக்கின்றனர்.

1865-இன் தொடக்கத்தில் உடல் தளர்ந்தது, காது மந்தமாயிற்று, உறக்கம் நீங்கிற்று. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியும் காரியாலயத்திற்குச் செல்லாமலிருக்க இயலவில்லை. சென்றால் வேலை செய்யவும் இயலவில்லை. அப்பொழுது லண்டனில் தங்கியிருந்த மோரி, நாடுவிட்டுப் புறப்பட ஆயத்தமாயிருந்தார். கடற்குறிப்புக்களைச் சேர்க்கும் தொழிலை உலகுக்குக் கற்பித்த அந்நண்பரிடம் விடைபெற ஏப்ரல் மாத இறுதியிற் சென்று வந்தார். மறுநாள், 30-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், அட்மிரல் பிட்ஸ்ராய் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். மாமனாரைப் பற்றி இளமையில் கொண்ட அச்சம் அறுபதாம் வயது நிறையுமுன் மெய்யாயிற்று. பொதுக் காரியத்திற்கே பொருளெல்லாம் செலவாகியிருந்தமையால் குடும்பத்தார்க்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நண்பர்கள் நிதி திரட்டினர். கொள்கையில் மாறுபட்டு நின்ற டார்வின் 100 பவுன் கொடுத்தார்.

இவருக்குப்பின் அக்காரியாலயத்தை ஆராய பிரான்ஸிஸ் கால்ட்டன் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து 1866-இல் அறிக்கையிட்டது. தினசரி முன்னறிவிப்புக்குச் சாஸ்திர ஆதாரம் போதாது என்று அது கூற, முன்னறிவிப்பு நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் புயலெச்சரிக்கையும் நின்றது. கூம்புகள் இறக்கப்பட்டபின்னரே அவற்றின் அருமை தெரிந்தது போலும். துறைமுகத்தாரும் கப்பற்காரரும் மீனவர் பொருட்டுப் பேசியவர்களும் விடாது முறையிட்டனர். ஓராண்டு கழியுமுன்னரே எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின; 1879-இல் பத்திரிகை முன்னறிவிப்பும் திரும்ப வந்தது. நம் நாட்டில், 1864-ஆம் ஆண்டில் கல்கத்தாவையும் மசூலிப்பட்டணத்தையும் அழித்த புயல்களுக்கும் பின்வந்த பஞ்சத்திற்கும் பிறகு, மாகாணந்தோறும் தனித்தனியே கிடந்த குறிப்புக்களை ஒன்றுசேர்க்க 1875-இல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவரானார்.

2002-இல் பிரிட்டிஷ் வானிலை இலாகாவார் ஸ்பெயின் நாட்டிற்கு வடமேற்கிலுள்ள பினிஸ்ட்டெர் என்னும் கடற்பகுதிக்குப் பிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினர். கடற்செய்தி வாசிக்கப்படும்போதெல்லாம் அப்பெயர் வானொலியில் ஒலிக்கின்றது. பார்லிமெண்டு வீதியில் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே நிரப்பப்பட்ட அப்பழைய அறிக்கைகளும் அழியவில்லை. 1861 முதல் 1875 வரையிலுள்ள தாள்களை, அண்மை ஆண்டுகளில், ஊதியம் பெறாத தொண்டர் பலர் தத்தம் வீட்டிலிருந்தே கணிப்பொறியிற் படித்து, எண் எண்ணாகத் தட்டச்சுச் செய்து தந்திருக்கின்றனர். அந்நாளையப் புயல்களின் அழுத்தத்தை இந்நாளையப் புயல்களோடு ஒப்பிட்டு நோக்கும் ஆராய்ச்சியாளர் அவ்வெண்களைக் கையாண்டு வருகின்றனர்.